ஊதாவுக்கு அப்புறம்

ஓசூரில், பேரிங் பட்டறை மூடிப்
பதினோரு வருஷம் ஆன இடத்தில்
எண்பதடிக் கிணற்றிலிருந்து ஏறி வருகிறது தண்ணீர்.
பார்த்தால் பளிங்கு.
மோந்தால் லேசாக ஒரு தித்திப்பு,
மாங்கூழ் ஆலை வாசலில் நிற்பதுபோல்.
ஆனால் பழம் இல்லாத தித்திப்பு.

குவார்ட்ஸ் உறைக்குள் பாதரச விளக்கு.
நேராகப் பார்க்கக் கூடாது.
எஃகு உருளைக்குள் யாருக்கும் தெரியாமல் எரிகிறது.
இருநூற்று ஐம்பத்து நான்கு நானோமீட்டர் என்று
நான் ஏட்டில் எழுதும் அந்த நிறத்துக்குப்
பெயர் வைக்க ஒரு கண்ணும் அதைக் கண்டதில்லை.
ஊதாவுக்கு அப்புறம்,
அவ்வளவுதான்.

இரண்டு கரி, மூன்று குளோரின், ஒரு ஹைட்ரஜன்.
மண்ணுக்குள் முப்பது வருஷமாக
ஒன்றையொன்று விடாமல் பிடித்துக் கிடந்தவை
ஒளி பட்டதும் கை நழுவுகின்றன.
ஒரேயடியாக இல்லை.
அமிலமாகி, இன்னோர் அமிலமாகி,
நடுவழியில் பிறக்கும் சிலது
முதலில் இருந்ததைவிட மோசம்.
அதனால்தான் பாதியில் கரண்ட் போனால்
எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இரவுக் காவல் சூடப்பா
அதே பட்டறையில் இரும்புக்குப் பிசுக்கு எடுத்தவர்.
'இதுலதாம்மா கையும் கழுவுவோம்.
ஒரே நொடி, பளிச்சுனு ஆயிடும்.
சனிக்கிழமை மிச்சத்தக் குழியில கவுத்துட்டு
சம்பளம் வாங்கப் போவோம்.'
குழி இருந்த இடத்தில் இப்போது எருக்கு.
டார்ச் வெளிச்சத்தில் தன் உள்ளங்கையை
விரித்து விரித்துப் பார்க்கிறார்.
திட்டத்தான் வாய் திறந்தேன்.
சொல் எதுவும் வராமல்
மாதிரிக் குழாயைத் திறந்தேன்.

வெள்ளி நைட்ரேட், நான்கு சொட்டு.
உள்ளே போகும் தண்ணீர் லேசாக வெளுத்தது,
வெளியே வந்தது பால் திரிந்ததுபோல்.
குளோரைடு.
அதாவது உப்பு, கஞ்சிக்குப் போடுகிறோமே
அதில் பாதி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
இந்த உப்பை இட்டவர்
பெங்களூரில் வேறு பெயரில்
வேறு கம்பெனி நடத்துகிறாராம்.
நினைக்கிறோம்.

சோதனைக் குழாயை ஜன்னலோரம் மறந்துவிட்டேன்.
மதியத்துக்குள் அந்த வெள்ளை
ஊதாவாகிக் கிடந்தது.
சூரியனும் தன் பங்குக்கு எதையோ
உடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அறிக்கையில் கடைசி வரி:
ஃப்ளோரைடு, இரண்டு புள்ளி ஒன்று. மாற்றமில்லை.
எத்தனை மணி நேரம் எரித்தாலும்
விளக்குக்கு அதனிடம் உடைக்க ஒன்றுமில்லை.
அது கம்பெனி இட்டதல்ல,
பாறை இட்டது.

நான் பாப்பாரப்பட்டிக்காரி.
எந்தப் போட்டோவிலும் வாய் திறந்து சிரித்ததில்லை.
வேலைக்கு வந்த முதல் நாள்
பெயர்கூடக் கேட்காமல்
'தருமபுரியா?' என்றார் சூடப்பா.

புதன்கிழமை விளக்கை அணைத்து
உறையை உருவி எடுப்பேன்.
மேலெல்லாம் காவி படிந்திருக்கும்.
எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துடைத்தால்
ஒரு கறை மிச்சமில்லாமல் போய்விடும்.
அது கண்ணாடி.