ஒன்று புள்ளி இரண்டு

உப்பளம் கல்லறைக்கு
உன்னை எடுத்துப்போன வண்டி
பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை, அமலோர்.
முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போனது.
சம்பங்கி வாசனையையும் மீறி
கிளட்ச் தேய்கிற நாற்றம்.
நீ எழுந்து உட்கார்ந்து
டிரைவரைத் திட்டுவாய் என்று
கொஞ்ச தூரம் நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

நான் யாரென்று உன் மருமகனுக்குத் தெரியவில்லை.
டீச்சர் என்றேன். பொய்யில்லை.
பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர்.
ஸ்டாப்வாட்ச் கடன் கேட்டு வந்தவனிடம்
வாட்சைத் தர மாட்டேன்,
வேண்டுமானால் நானே வருகிறேன்
என்று சொன்னவள்.

விமானங்கள் மறந்துபோன லாஸ்பேட்டை ஓடுதளம்.
ஞாயிறு விடியல்.
கான்கிரீட் வெடிப்புகளில் நெருஞ்சி.
ஆடு மேய்க்கிற பையனுக்கு இரண்டு ரூபாய்,
ஆடுகளை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ள.
நானூற்றிரண்டு மீட்டர்:
மில் நூலால் அளந்து
இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு.
இடது பக்கம் தணிகைவேலின் மொட்டை ஜீப்.
வலது பக்கம் உன் ஃபியட்.
ஃபியட் என்று சொல்ல அதில் முகம்தான் மிச்சம்.
கூரையை அறுத்துவிட்டாய்.
பின்சீட்டைப் பிடுங்கி வீட்டில் போட்டாய்
(உன் மனைவி அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள்).
கடலூர் ஓ.டி. காயலான் கடையில்
மூன்று மாதம் பேரம் பேசி வாங்கிய கான்டெஸா இன்ஜின்
பானட்டுக்குள் அடங்காமல்
பஸ் ஜன்னலில் தலைநீட்டும் பிள்ளை மாதிரி
வெளியே எட்டிப் பார்க்கும்.

முடிவுக் கோட்டில் நான்.
தூரத்தில் கைக்குட்டை விழும்.
டயர்ப் புகை எழும்.
எல்லாம் ஊமைப்படம்.
பிறகுதான் வந்து சேரும் அந்த உறுமல்.
முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாய்:
"கண்ணால அமுக்குங்க டீச்சர்.
காத நம்பாதீங்க, அது லேட்டு."

அந்த மார்கழி ஞாயிறு
ஜீப்பை ஒன்றரை வண்டி நீளத்தில் முந்தினாய்.
வாட்சைப் பார்த்துப் பதினைந்து என்று கத்தினேன்.
அதுவரை நீ பதினாறரைக்குக் கீழே வந்ததில்லை.
தணிகைவேலே உன்னைத் தூக்கிச் சுற்றினான்.
ஆடுகள் மிரண்டு ஓடுதளம் முழுக்கச் சிதறின.
நீ மட்டும் சிரிக்கவில்லை.
முழங்கால் போட்டு
டயரைத் தடவிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் கதவில்
மஞ்சள் எனாமலில் எழுதியிருந்தாய்:
16.2.

சத்தம் நானூற்றிரண்டு மீட்டர் கடக்க எடுக்கும் நேரத்தை
நீ கூட்டியிருந்தாய்.
காதால் அமுக்கினேன் என்று கண்டுபிடித்து,
யாரிடமும் சொல்லாமல்,
என்னிடமும் கேட்காமல்.
ஒரே ஒரு தடவை,
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே,
"அன்னிக்குப் பனி ஜாஸ்தி, இல்ல டீச்சர்?"
ஆமாம் என்றேன்.

பனி அவ்வளவு இல்லை, அமலோர்.
கைக்குட்டை தெரிந்தது.
சிவப்புக் கட்டம் போட்டது,
ஒரு மூலையில் கிரீஸ் கறை.
அது விழுந்து
தரையில் மடங்கியதுவரை பார்த்துவிட்டு
சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
ஏன் என்று
அன்றும் கேட்டுக்கொள்ளவில்லை,
இன்று கேட்டு என்ன.

முதலியார்பேட்டை ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கி
மருமகன் கேட்டான்:
சென்னையில் ஒருத்தர் வாங்கிக்கிறேங்கிறார்,
புதுசா பெயின்ட் அடிக்கணுமாம்,
இது என்ன நம்பர், வீட்டு நம்பரா?
சரியான நம்பர் என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.

முழங்கால் வலி. குழிவரை போகவில்லை.
கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றேன்.
ஆள்களுக்கு நடுவே
யாரோ முதல் பிடி மண்ணைப் போடும் கை தெரிந்தது.
கைப்பைக்குள் இருந்த வாட்சை
இந்த முறை
கண்ணால்தான் அமுக்கினேன்.
சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை.
முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
கட்டைவிரலை வைத்துக்கொண்டு
சுண்ணாம்புக் கோடு எங்கே என்று
தேடிக்கொண்டு நின்றேன்.