உடன் வந்தவர் பெயர்

மதியம் இரண்டே காலுக்கு இம்தியாஸ் பாய் கூப்பிட்டார்,
தோட்டப்பாளையம் லாட்ஜிலிருந்து.
"அமுக்குனா அப்டியே கீது மேடம்.
சுத்தவும் மாட்டேங்குது, திட்டவும் மாட்டேங்குது."

பிழை என்றால் சிவப்பாய் ஒரு வரியாவது வரும்.
இது அந்த வகை இல்லை.
சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி, கரண்ட் போய்
இன்வெர்ட்டரில் ஓடும் ஒற்றை விசிறியின் கீழே
நானும் அமுக்கிப் பார்த்தேன்.
அறை கிடைத்தது, எண் ஒன்பது.
மறுபடி அமுக்கினேன். பத்து.
"இங்க வருதே பாய்."
"இங்க வர்லியே மேடம்."
இந்தத் தொழிலின் ஆகப் பழைய உரையாடல்.

அவர் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்தேன்.
அமுக்கல் போகிறது.
பதில் வருகிறது: இருநூறு, யாவரும் நலம்.
நடுவில், ஜாவாவில் நான் எழுதிய அந்த ஒரு மெத்தடை மட்டும்
யாரும் கூப்பிடவில்லை.
அதன் முதல் வரியில் பிரேக்பாயின்ட்
பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
(பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி வரும்.
சொன்னவன் கண்ணில் வெயில் பட்டிருக்கும்.)
அன்றைக்கு நானும் ஒன்று சேர்த்தேன்:
கேட்க ஆளில்லா நிகழ்வு.

ஆக்‌ஷன் போதாதென்று கிளிக்கையும் கட்டினேன்.
படிவத்துக்குள் இன்னொரு படிவம் ஒளிந்திருக்கிறதா என்று துழாவினேன்.
ஐடிக்கு முன்னால் முக்காற்புள்ளி வைத்தேன், எடுத்தேன்,
வைத்தேன்.
ஆறு முறை சர்வரை இறக்கி ஏற்றினேன்.
ஏறும்வரை ஒரு பாக்கெட் மோர்.

நாலே முக்காலுக்குத்தான் கேட்கத் தோன்றியது:
"யாருக்குப் பாய் ரூம் போடறீங்க?"
"ஒரு அம்மா. மால்டாவாம். தனியா வந்துகீது.
கம்ப்யூட்டர்ல ஏத்தாம சாவி குடுக்காதன்னுட்டாரு ஓனரு.
காலைலேர்ந்து பெஞ்சுல
எக்ஸ்ரே கவர மடில வெச்சினு குந்தினுகீது."

தனியா.
நான் போட்டுப் பார்த்த எல்லா நோயாளிக்கும்
ஒரு துணை வைத்திருந்தேன்.
'டெஸ்ட் ஒன்று'க்கு 'டெஸ்ட் இரண்டு'.

'தனியாக' என்று டிக் போட்டால்
'உடன் வந்தவர் பெயர்' கட்டம் மறைந்துவிடும்.
மறைப்பது சிஎஸ்எஸ்,
அந்த மறைவு கண்ணுக்கு மட்டும்.
சர்வரைப் பொறுத்தவரை கட்டம் அங்கேயேதான் இருக்கிறது,
காலியாக, 'கட்டாயம்' என்ற குறியோடு.
வேலிடேஷன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது.
ஏன் அனுப்பினேன் என்ற செய்தியையும்
மறைந்த கட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது:
உடன் வந்தவர் பெயர் தேவை.
உடன் வந்தவர் பெயர் தேவை.
அன்று பகல் முழுக்க, ஒவ்வோர் அமுக்கலுக்கும்.

யார் எழுதியது என்று பார்த்தேன்.
நான்தான். போன மார்ச், இரவு பதினொன்று நாற்பது.
'சின்ன மாற்றம்' என்று குறிப்பு வேறு.

துணை இருந்தால் மட்டும் கட்டாயம் என்று
ஒரு நிபந்தனை. அவ்வளவே.
பாயை அமுக்கச் சொன்னேன்.

பிரேக்பாயின்ட்டில் வந்து நின்றது,
இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று
கேட்கவும் முடியாதபடி, சாதாரணமாக.
வயது ஐம்பத்திரண்டு.
ஊர் மால்டா.
துணை: நல்.
ஒரு நொடி அதைத் தமிழாகப் படித்துவிட்டேன்.
பிறகு எஃப் எட்டைத் தட்டி
உள்ளே போக விட்டேன்.

"வந்துச்சு மேடம்! ஆனா ரெண்டு ரூம் காட்டுது.
பதினாலும் கீது, பதினஞ்சும் கீது."

கட்டிய கிளிக்கை அவிழ்க்க மறந்திருந்தேன்.

"பதினாலு சாவிய மொதல்ல குடுங்க பாய்.
பதினஞ்ச இன்னிக்கி யாருக்கும் போடாதீங்க."