சில்லறைக்குப் பதில்

பதினோரு குடம், நூற்று அறுபத்தைந்து.
ஐந்து ரூபாய் குறைந்ததற்கு
செய்னம்பு லாத்தா
தயிர் டப்பாவோடு நீட்டினாள்:
பாலைவன ரோஜாவாம்.

வாலிநோக்கம் விலக்கில்
லாரி நிற்கும் இடத்தோரம்
பழைய டயருக்குள் வைத்தேன்.
கடல் மணல்தான். உப்புப் போக
விற்கிற தண்ணீரில் மூன்று அலசு.

ஊருக்கே ஊற்றுகிறவன்
ஒரு செடியை வாடவிடுவேனா?
ராத்திரி முழுக்க வால்வு சொட்டியது.
வாஷர் மாற்றவில்லை,
செடிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடிக்காற்று மணலை வாரியடித்த ஒரு காலை
அடித்தண்டைத் தொட்டேன்.
விரல் உள்ளே போயிற்று,
அழுகின கொய்யா மாதிரி.

வெள்ளை தெரியும்வரை பிளேடால் சீவி
மஞ்சள் அப்பினேன்.
ஆறு நாள் மண்ணில்லாமல்
கேபினில் கிடந்தது, பில் புத்தகத்தின் மேல்.
கீழக்கரை போய் வந்தது,
ஏர்வாடி போய் வந்தது,
முதுகுக்குப் பின்னால் ஆறாயிரம் லிட்டர் குலுங்க.

திரும்ப நட்டபின்
லாரியைப் பத்தடி தள்ளி நிறுத்துகிறேன்.
வாஷரும் புதுசு.
இருந்தும் சாயங்காலமானால்
கை தானாகக் குவளையைத் தேடும்.
சட்டைப்பையில் செருகிக்கொள்வேன், கையை.

நேற்று லாத்தா கேட்டாள்,
பூத்ததா?
இல்லை.
அமுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு.
அது போதும் என்றவள்
கடைசிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.
இந்த முறையும் ஐந்து ரூபாய் குறைந்தது.