புளிப்புக்கு மதிப்பெண்

நாலு மணிக்கு எழுந்து
நேற்றைய சட்டியிலேயே தண்ணீர் வைக்கிறேன்.
வெல்லக்கட்டியில் ஒரு முனை உடைத்துப் போட்டு
மட்டத் தூள் இரண்டு கரண்டி.
நல்ல கொட்டையெல்லாம் கப்பலுக்கு.
கறுத்தது, நொறுங்கியது,
பூச்சி தின்று மிச்சம் வைத்தது எங்களுக்கு.

வெறும் வயிற்றில் ஒரு கோப்பை.
மனிசாலெஸ் போகும் ஜீப்பில்
பால்கேன்களுக்கு நடுவே குந்தியிருக்கையில்
மூன்றாவது வளைவில் தொடங்கும்.
நெஞ்சுக்குழிக்குக் கீழே எவனோ
தீக்குச்சி உரசுகிறான்,
அணைக்கிறான்,
மறுபடி உரசுகிறான்.

"எனக்கு வயிற்றெரிச்சல்" என்றேன் மார்லேனியிடம்.
"யார் மேல்?" என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
கிண்ணங்களைத் துடைக்கும்போது யோசித்தேன்,
யார் மேல்?

சுவைக்கூடத்தில் அறுபது வெள்ளைக் கிண்ணங்கள்,
கொதி தணிந்த நீர்,
டான் எலியேசரின் வெள்ளிக் கரண்டி,
அவர் துப்புவதற்கு இடுப்புயர எவர்சில்வர் பாத்திரம்.
எல்லாம் என் பொறுப்பு.
அவர் உறிஞ்சினால் துணி கிழிகிற சத்தம்.
வாய்க்குள் ஒரு சுற்று. கண் மூடுவார்.
துப்புவார்.
பிறகு எழுதுவார்:
உலர்ந்த பிளம். ஆரஞ்சுப் பூ.
புளிப்பு, பளிச்சென்று. எட்டே கால்.

ஆமாம், அங்கே புளிப்புக்கு மதிப்பெண் உண்டு.
புளிப்பு தெளிந்தால் மூட்டையின் விலை ஏறும்.
நாக்குக்குச் சம்பளம் வாங்குகிற மனிதர்,
ஒரு சொட்டு விழுங்குவதில்லை.
அவர் வேண்டாமென்றதை
மாலையில் இரண்டு வாளியாகச் சுமந்து
சாக்கடையில் ஊற்றுகிறவள் நான்.

மருத்துவமனையில் அந்தச் சின்னப்பெண் டாக்டர் கேட்டாள்:
"ஒரு நாளைக்கு எத்தனை?"
ஐந்து.
"வெறும் வயிற்றிலா?"
நாலு மணிக்கு யார் வயிறு நிறைந்திருக்கும், டாக்டர்?
அவள் சிரிக்கவில்லை.
குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்,
வரிசை பதினோரு வாரமாம்.
அமிலம் அதிகம், என்று எழுதினாள்.
எவ்வளவு இருக்கும், எட்டே கால் வருமா, என்றேன்.
பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் போன பிறகு
பதினான்காம் கிண்ணத்தைக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது. துப்பவில்லை.
பூ இருந்தது.
சத்தியமாக இருந்தது.
பதினாறு வயதிலிருந்து
கூடை கூடையாகப் பறித்திருக்கிறேன்,
அந்தப் பழத்துக்குள் இப்படி ஒன்று இருப்பதை
ஒருவரும் சொன்னதில்லை.

நாக்கு நம்பிவிட்டது.
வயிறு நம்பவில்லை.
கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அதே தீக்குச்சி.
கப்பல் சரக்கென்று தள்ளுபடி எதுவும் இல்லை.

மறந்துவிட்ட கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார்
டான் எலியேசர்.
காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வேலை போயிற்று என்று
வயிற்றில் புளியும் கரைந்தது,
இருக்கிற புளிப்பு போதாதென்று.

கோட்டுப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எடுத்தார்.
பத்தில் ஆறு காலி.
"சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்" என்றார்.
நீங்கள்தான் துப்பிவிடுகிறீர்களே, ஐயா?
"அதை வயிற்றுக்கு யார் சொல்வது?
வாயில் பட்டதுமே நாக்கு ஆளனுப்பிவிடுகிறது.
அது பாவம், அடுப்பை மூட்டிவிட்டு
உட்கார்ந்திருக்கிறது.
பத்தொன்பது வருஷமாக
ஒரு விருந்தாளியும் வரவில்லை."
அட்டையை மடக்கி உடைத்து
இரண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.
எந்தக் கிண்ணம், என்று கேட்டார் வாசலில் நின்று.
பதினான்கு, என்றேன்.
"நல்ல கிண்ணம்."

இன்று பாதி அரேபாவை நின்றபடியே தின்றுவிட்டுத்தான்
காப்பியைத் தொட்டேன்.
மூன்றாவது வளைவில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
பால்கேன்கள் இடித்துக்கொண்டன.
ஒன்றுமில்லை.
ஐந்தாவதில்தான் உரசினான்.

இரண்டு வளைவு.
எழுதிக்கொள்ளலாம்.