திரும்பிப் போன காசு

ஹேர்னிங்கில் புதன்கிழமை புறப்பட்ட காசு
ஒட்டுசுட்டான் வரைக்கும் வந்து
வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
மூவாயிரம் குரோனர்.
வந்ததற்கும் போனதற்கும் கூலி பிடித்துக்கொண்டு
மிச்சத்தை அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மூன்றாம் கவுண்டர்.
அந்தப் பக்கம் பூலோகசிங்கம்.
முத்தையன்கட்டிலிருந்து சைக்கிளில் வந்த வியர்வை
படிவத்தில் சொட்டுகிறது.
கச்சான் பிடுங்க ஆட்கள் வந்துவிட்டார்களாம்.
நாலு நாள் கூலி நிற்கிறதாம்.

இவ்வளவு காலமும் உண்டியலில்தான் வந்தது.
ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே
"அக்கா தந்துவிட்டவ" என்று நீட்டுவான்.
பெயர் கேட்டதில்லை.
அவனும் போன வருசம் பிரான்சுக்குப் போய்விட்டான்,
அதனால்தான் இந்தக் கணக்கு,
அதனால்தான் இந்தப் பன்னிரண்டு இலக்கம்.

"என்ன பிழை, பிள்ளை?"

ஒரு எழுத்து.
அடையாள அட்டையில் உங்கள் பெயருக்கு நடுவில் கே.
அக்கா எழுதியது ஜி.

அவர் தன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்,
சோற்றில் கல் கிடக்கிறதோ என்று
மெல்ல மெல்வது போல.
பூலோக.
எங்களுக்கு ஒரே ககரம்.
இடம் பார்த்துத் தானே இறுகும், தானே இளகும்.
கணினிக்கு அது இரண்டு ஆள்.

அக்காவுக்கு அழைத்தார்.
அங்கே விடியாத ஆறரை,
முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்.
ஸ்பீக்கரில் முழு வங்கிக்கும் கேட்டது:
"நான் உன்னைக் கூப்பிடுற மாதிரித்தானேடா எழுதினனான்!"
பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு அவ கே என்று எழுதிக்கொள்ளும் அமைதி.
பிறகு ஒரு மணி அடித்து, பஸ் நின்று,
அழைப்பு அறுந்தது.

போய்விடுவார் என்று நினைத்தேன்.
சைக்கிள் பையிலிருந்து பொலித்தீன்,
பொலித்தீனுக்குள் பொலித்தீன்,
அதற்குள் ஒரு சேமிப்புப் புத்தகம்.
கட்டடமும் இல்லாமல், முகாமையாளரும் இல்லாமல்,
ஒரு கதவுகூட மிஞ்சாமல் போன வங்கியுடையது.
கடைசி வரவு: ஆவணி, இரண்டாயிரத்து எட்டு.
மீதி: நாற்பத்தோராயிரத்து முன்னூற்றைம்பது ரூபா.
ஓரத்தில் தண்ணீர் ஊறிய கோடு.
எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.
எனக்கு அப்போது பத்து வயது.
நாங்களும் அந்தக் கடலேரியைக் கடந்துதான் வந்தோம்.

"இதில பெயர் தமிழில இருக்கு, பிள்ளை.
பிழை ஒண்டும் இல்லை. பாருங்கோ."

பார்த்தேன்.
யாரோ ஒரு பிள்ளை, என்னைப்போல ஒருத்தி,
நீல மையில் உருட்டி உருட்டி எழுதியிருந்தாள்.
ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"இதுக்கு வட்டி எவ்வளவு வந்திருக்கும்?"

பகிடியோ என்று முகத்தைப் பார்த்தேன்.
பகிடிதான்.
முழுக்கப் பகிடி இல்லை.
நான் எதையோ முத்திரை குத்தினேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கதவு சாத்தி, காசு எண்ணி முடித்து,
ஒருத்தரும் பார்க்காத நேரத்தில்
ஆறு வீதம், பதினாறு வருசம் என்று தட்டினேன்.
ஒரு லட்சத்து ஐயாயிரத்து நாற்பத்து நான்கு.
அழித்துவிட்டு, திரும்பவும் தட்டிப் பார்த்தேன்.

அடுத்த கிழமை காசு வந்து சேர்ந்தது,
கே போட்டு, கொஞ்சம் மெலிந்து.
ஐந்நூறு ரூபா கிடக்கட்டும் என்றுவிட்டு
மிச்சம் எல்லாவற்றையும் எடுத்தார்.
புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டார்.
கொடுத்தேன்.

பழையதைத்தான் அதற்குள் வைத்தார்.
அளவு காணாது.
மூலையை மடித்து நுழைத்துக்கொண்டு போனார்.