ஆறாம் கட்டம்

முதல் ஐந்து கட்டமும் சுலபமாகத்தான் வந்தன.
முருகன்குறிச்சி வளைவில் படுத்திருக்கும் மாடு,
வண்ணார்பேட்டை ரவுண்டானாவில்
எதிர்த்திசையில் வரும் பால்வண்டி,
ஈரடுக்குப் பாலத்து உச்சியில் பெட்ரோல் தீர்ந்து
பைக்கை உருட்டுகிற ஒருவன்.
கட்டைவிரல் பழகிவிட்டால் போதும்,
எல்லாரையும் தாண்டிவிடலாம்.

ஆறாவது, குலவணிகர்புரம் ரயில்வே கேட்.

கேட் திறக்கும்.
அந்தப் பக்கத்து வண்டியெல்லாம்
சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும்.
இந்தப் பக்கமும் அப்படியே.
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு முட்டி
நின்றுவிடும். அப்புறம் ஒன்றும் நடக்காது.

"ஹேங் ஆயிட்டுக்கா" என்றான் மசூது.
டயர்க்கடை மாடியில் எங்கள் அறை,
கீழே காற்றடிக்கிற சத்தம்.
ஹேங் ஆகவில்லை. உள்ளே நாற்பத்திரண்டு வண்டியும்
நொடிக்கு அறுபது தடவை கணக்குப் போடுகின்றன:
அவன் போனால் நான் போவேன்.
அவன் போனால் நான் போவேன்.

கொஞ்சம் குருட்டுத்தனம் சேர்த்துப் பார்த்தேன்,
இடித்துக்கொண்டன.
கொஞ்சம் மரியாதை சேர்த்துப் பார்த்தேன்,
மசூதின் போனில் சார்ஜ் தீரும்வரை
ராத்திரி பூராவும் நின்றன.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
நோட்டும் பேனாவுமாக ஸ்கூட்டியில் போய் நின்றேன்.
நாகர்கோவில் வண்டிக்காக அடைத்த கேட்
பின்னால் வந்த சரக்கு ரயிலுக்காகவும் அடைந்தே கிடந்தது.
எழுதினேன்:
மேலப்பாளையம் சந்தையில் விலைபோகாமல்
திரும்பும் ஆடுகள், ஒரு மினிலாரி.
வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ.
டவுன் பஸ் ரெண்டு.
கம்பிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து
நுழைத்துப்போகிற டியூஷன் பிள்ளைகள்.
ஃபிரிட்ஜின் கதவை மட்டும் மடியில் வைத்து
பைக் பின்சீட்டில் ஒரு பெண்.
(கதவு மட்டும் எதற்கு? அதையும் எழுதினேன்,
கேள்விக்குறியோடு.)

கேட் ஏறியது.
என் திரையில் நடந்ததே நடந்தது.
ஆரன், ஆரன், ஆரன்.
"ஏல, கண்ண எங்கல வச்சிருக்க?"
"வே, நீரு எந்தப் பக்கம்வே வாறீரு?"
ஆடுகள் மட்டும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

எந்த விதியால் இது அவிழ்கிறது என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
போலீஸ் இல்லை. கண்டக்டர் இறங்கவில்லை.
ஒருத்தரும் கை காட்டவில்லை.
லோடு ஆட்டோக்காரர்
வாயில் இருந்ததை வெளியே துப்பினார்.
எவர் முகத்தையும் பார்க்காமல்
அரையடி பின்னால் எடுத்தார்.

அரையடிதான்.
அதில் ஒரு சைக்கிள் போயிற்று.
சைக்கிள் விட்ட இடத்தில் ஒரு பைக்.
பைக் விட்ட இடத்தில் பஸ்ஸின் மூக்கு.
நாலே நிமிஷம், தண்டவாளம் காலி.
அவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை,
போகிற போக்கில் ஒருத்தர் திட்டினார்கூட.
எல்லாரும் போனபிறகு
தாரைக் கட்டிய கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு
கடைசியாகப் போனார்.

அந்த அரையடியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.
பின்னால் எடுப்பவனுக்கு நாணயம் கிடையாது.
பத்து விநாடி குறையும்.
அப்படித்தான் வைத்தேன்.
"பாயிண்ட் குடுக்காட்டி எவன்க்கா பின்னால எடுப்பான்?"
மசூது கேட்டது நியாயம்தான்.

அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு.
அன்றைக்கு
அந்த லோடு ஆட்டோவுக்கு நேர் எதிரே நின்றது
என் ஸ்கூட்டி.
எனக்குப் பின்னால் ஒன்றரை அடி
காலியாகக் கிடந்தது,
அவ்வளவு நேரமும்.
நான் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் கட்டத்தில்,
கேட் கீப்பர் அறையைத் தாண்டி இடதுபக்கம்,
ஹேண்டிலின் மேல் நோட்டை விரித்தபடி
ஒருத்தி ஸ்கூட்டியில் நிற்பாள்.
ஆரன் அடித்தாலும் நகரமாட்டாள்.
இடித்தாலும் நகரமாட்டாள்.
பிழை என்று சிவப்பில் குறித்து
அனுப்பியிருக்கிறான் மசூது.
இன்னும் திருத்தவில்லை.