நெற்றியில் இருந்தது

சென்னைப்பட்டணத்தில் நெற்றியில் குத்திய பச்சை
எனக்குப் படிக்கத் தெரியாது.
ஒரே விலங்கில் சொள்ளமுத்து;
அவனுக்கும் தெரியாது.
என்ன செய்தாய் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினேழு நாள்
ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக் கிடந்தோம்.
பலகையில் அவன் என்னுடையதைக் கீறினான்,
நான் அவனுடையதை.
முதல் எழுத்து ஒன்றுதான்.
அதற்கே அப்படிச் சிரித்தான்.

நிக்கோபார் தாண்டிப் பேதி.
விலங்கைக் கழற்ற மறந்து
கடலில் தள்ளினார்கள்.
இரண்டடி நானும் போனேன்.

பினாங்கில் சதுப்பைத் தூர்த்து ரோடு போடுகிறோம்.
கணக்கெழுதும் மரைக்காயருக்கு
ஈரமண்ணில் அவன் நெற்றியை எழுதிக் காட்டினேன்.
"கொ..." என்று கூட்டினார்.

கொலையோ கொள்ளையோ,
அவர் வாய் மூடுவதற்குள்
கூடைச் சரளையைக் கவிழ்த்தேன்.

இப்போது அதன்மேல்
துரைமார் குதிரைவண்டி.